பன்னிரண்டு பேருக்கு ஒரு சட்டி

கூட்டாறு முகாம்
18 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கவிப்ரியா எழுதுறேன். அம்மா, அண்ணி, நீங்க எல்லாரும் சுகம்தானே? இங்கே பத்து நாளா விடாம மழை. துவைச்ச துணி காயலைங்கிறதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்து வேற மாதிரி இருக்கேன்னு யோசிக்காதீங்க. எனக்கு வேலை நெருக்கடி. நான் சொல்லச் சொல்ல, என்கூட வேலை பாக்குற கனிமொழி எழுதுறா.

ஒரு உதவி வேணும். வர்ற ஜனவரியில பத்துப் பேரை நாலு நாள் காட்டுக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போகணும். நானும் கனிமொழியும் சேர்ந்தா பன்னிரண்டு பேர். சமையல் எங்க பொறுப்பு. இப்ப இருக்கிற பாத்திரங்கள் காட்டுக்கு லாயக்கில்லை. இந்தப் பயணம் ஒழுங்கா முடிஞ்சா நான் குழுத் தலைவியாத் தொடரலாம். இல்லைன்னா முகாமை நடத்துற மாளவிகா மேடம் என்னைக் கீழே டவுன் ஆபீசுக்கு மாத்திடுவாங்க. அங்கே போய் நாற்காலியில உக்காந்திருக்கிறதுக்கு நான் ஊருக்கே வந்துடலாம்.

பாத்திரங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கணும். எடை கம்மியா இருக்கணும். மூடியைப் பூட்ட முடியணும். எதையும் ஒரே கையால கையாள முடியணும். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுற அண்ணன் இருக்கும்போது படத்தைப் பாத்து வாங்க எனக்கு மனசு வரலை.

இங்கே டவர் கிடையாது, தெரியும்ல. வியாழக்கிழமை ஜீப்புலதான் தபால் வரும். அதனால விவரமா எழுதுங்க. எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க.

உங்க தங்கை
கவிப்ரியா


பட்டுக்கோட்டை
27 ஜூலை 2024

அன்புத் தங்கை கவிக்கு,

அண்ணன் தமிழரசன் எழுதிக்கிறது. அம்மாவும் ஈஸ்வரியும் நல்லா இருக்காங்க. எனக்குத்தான் ஆடி மாசம். ஒரு முகூர்த்தம் கிடையாது. அண்டாவையெல்லாம் கவுத்து வச்சுட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். உன் கடிதாசி வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு.

ஐந்நூறு பேருக்கு என்னென்ன வேணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பன்னிரண்டு பேருக்கு, அதுவும் முதுகுல சுமந்துட்டுப் போய்ச் சமைக்கிற பன்னிரண்டு பேருக்கு, எனக்கு ஒரு எழவும் தெரியாது. அதனால நிறைய கேப்பேன். சலிச்சுக்காம பதில் எழுது.

விறகா, கேஸா? சோறு வடிப்பீங்களா, தண்ணியை அளந்து வச்சு வேக விடுவீங்களா? நாள் முழுக்க நடந்தவங்க கல்யாண வீட்டுக்காரங்களை விட ஜாஸ்தி சாப்பிடுவாங்களா, இல்லை களைச்சுப் போய்க் கம்மியா சாப்பிடுவாங்களா? காத்து எப்படி? பாத்திரம் தேய்க்கத் தண்ணி பக்கத்துல இருக்குமா? மலை மேல தண்ணி கொதிக்கிறதே வேற மாதிரின்னு ஈஸ்வரி சொல்றா, பள்ளிக்கூடத்துல படிச்சாளாம். நான் நம்பலை. நீ சொல்லு.

அம்மா நீ எப்ப வர்றேன்னு கேட்டாங்க. பேராவூரணியிலேர்ந்து ஒரு வரன் வந்திருக்கு. தென்னந்தோப்பு இருக்காம். இதைக் கண்டிப்பா எழுதணும்னு அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க, எழுதிட்டேன்.

உடம்பைப் பாத்துக்க. மழையில நனையாதே.

அண்ணன்
தமிழரசன்


கூட்டாறு முகாம்
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம்னு படிச்சுச் சந்தோஷம். ஆடிப்பெருக்குக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா? நான் இங்கே நல்லா இருக்கேன்.

அண்ணி சொன்னது சரி. மேலே போகப் போகத் தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும், ஆனா அந்தக் கொதியில சூடு கம்மி. அதனால அரிசி வேக நேரமாகும். பருப்பு ரொம்பவே பிடிவாதம் பிடிக்கும். விறகு எரிக்க அனுமதி இல்லை. சின்ன கேஸ் அடுப்பு மூணு இருக்கு. ஒண்ணுலதான் சமைப்போம், மத்ததெல்லாம் கெட்டுப்போனா மாத்துறதுக்கு. காத்து சாயங்காலம் பேய் மாதிரி அடிக்கும். சாப்பாடு எப்படின்னு கேட்டீங்களே, முதல் நாள் எல்லாரும் கொறிப்பாங்க. ரெண்டாம் நாள் பாக்கணும், இலையில வச்சது வச்ச இடத்துல இருக்காது.

சோறு வடிக்கிறதுதான் எனக்குப் பெரிய யோசனை. மூடியிலேயே ஓட்டை இருந்து, அதைப் பூட்டிட்டு ஒரே கையால சாய்ச்சு வடிக்கிற மாதிரி கிடைக்குமா? கைப்பிடி இடது பக்கம் வர்ற மாதிரி இருந்தா நல்லது.

பேராவூரணிக்கு நான் ஒண்ணும் பதில் சொல்லலைன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.

அன்புடன்
கவிப்ரியா


பட்டுக்கோட்டை
22 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை கவிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. கடைமடைக்கு வர்ற மாதிரி வந்துச்சு, அதாவது முழங்காலுக்குக் கீழே. அம்மா நாத்தங்கால்ல விதை விட்டுட்டாங்க.

உன் சட்டி விஷயத்துல நான் கிறுக்குப் பிடிச்சு அலையுறேன்னு ஈஸ்வரி புலம்புறா. புலம்பட்டும். போன ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய ஃபேனை அடுப்புக்கு நேரா வச்சு, உன் சாயங்காலக் காத்துக்குப் பதிலா அதைச் சுத்த விட்டு, சோறு ஆக்கிப் பாத்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு, சோறு விதை விதையா நின்னுச்சு. அடுப்பைச் சுத்தித் தகரம் வளைச்சு வச்சதும் பாதி நேரத்துல முடிஞ்சுது. அதனால முதல் பொருள் சட்டி இல்லை, காத்துத் தடுப்பு. எழுதி வச்சுக்க.

அடுத்தது எடை. எவர்சில்வர், இண்டாலியம், மெல்லிசு அலுமினியம் மூணையும் பையில போட்டுத் தூக்கிட்டு நடந்து பாத்தேன். நம்ம ஊர்ல ஏத்தம்னு சொன்னா வாய்க்கால் பாலம் ஒண்ணுதான். அதுமேல முப்பது தடவை ஏறி இறங்கினேன். பாலத்துல உக்காந்திருந்தவங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு பேசிக்கிட்டாங்க. இண்டாலியம் பத்தாவது தடவையே இடுப்பை ஒடிச்சுடுச்சு. எவர்சில்வர் அடிப்பிடிக்கும். கறுப்பு முலாம் போட்ட மெல்லிசு அலுமினியம்தான் சரி. தேய்க்கவும் சுலபம்.

அதிராம்பட்டினத்துல பிரியாணி ஆக்குற அன்சாரைப் போய்ப் பாத்தேன். அவர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். உயரமான பாத்திரம் ஆகாது, அகலமா குட்டையா இருக்கணும், அப்பதான் சாயாது. சோத்தை வடிக்கவே வேண்டாம், தண்ணியை அளந்து வச்சுத் தம்முல போட்டுடுங்கன்னார். அதோட என்னை ஒரு கேள்வி கேட்டார். பத்து லிட்டர் சட்டி நிறைஞ்சா பத்து கிலோவுக்கு மேல, அதை எந்தச் சமையல்காரனும் ஒத்தக் கையால தொட மாட்டானே, உங்க தங்கச்சி எதுக்கு ஒத்தக் கைன்னு கேக்குதுன்னார்.

எதுக்கும்மா?

உடனே எழுது.

அண்ணன்
தமிழரசன்


கூட்டாறு முகாம்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஒத்தக் கை எதுக்குன்னா, இன்னொரு கையில டார்ச் இருக்கும். அவ்வளவுதான். காத்துத் தடுப்பு நல்ல யோசனை. அன்சார் அண்ணனுக்கு நன்றி சொல்லுங்க.

ஜீப் கிளம்புது. அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க.

கவிப்ரியா


பட்டுக்கோட்டை
24 செப்டம்பர் 2024

கவி,

எல்லாரும் நல்லா இருக்கோம். ஆவணி முகூர்த்தம் முடிஞ்சு நூத்துக்கணக்குல கரண்டி எண்ணி அடுக்கிக்கிட்டு இருந்தேன். எண்ணும்போதெல்லாம் உன் டார்ச்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினியே. நீயும் உங்க ஆளுங்களும் நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அதை அம்மா பூஜை அலமாரியிலதான் வச்சிருக்காங்க. டார்ச்சைக் கையில பிடிக்கிற வேலை உனக்கு என்னைக்குமே இருந்ததில்லை.

மே மாசத்துலேர்ந்து டவுனுக்கு இறங்கும்போதெல்லாம் வெறும் போன்தான் பண்றே, வீடியோவுல வர்றதில்லை. கடிதாசியை வேற பொண்ணு எழுதுது. கைப்பிடி இடது பக்கம் வேணுங்குறே. நீ இடது கைக்காரி இல்லை, கவி. நான் பாத்திரக்காரன். ஒருத்தர் என்ன பாத்திரம் கேக்குறாங்கங்கிறதை வச்சே அவங்க வீட்டுல என்ன விசேஷம்னு சொல்லிடுவேன். அம்மாகிட்ட எதையும் சொல்லலை.

உன் வலது கைக்கு என்ன ஆச்சு?

அண்ணன்


கூட்டாறு முகாம்
11 அக்டோபர் 2024

அண்ணே,

இதை நானே எழுதுறேன், இடது கையால. கோணல் மாணலா இருக்கும், பொறுத்துக்குங்க. ரெண்டு நாளா எழுதுறேன்.

ஏப்ரல் கடைசியில ஒரு பயணம். பதினாலு பேர். முகாம்ல இருந்த உயரமான பானையைத் தூக்கிட்டுப் போனோம். சின்ன அடுப்பு, பெரிய பானை. கஞ்சி வடிக்க இறக்கும்போது அடுப்புக்கால் மண்ணுல இறங்கிடுச்சு. பானை என் பக்கம் சாய்ஞ்சுது. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்கு வலது கை, முழங்கை வரைக்கும். மூணு வாரம் ஆஸ்பத்திரி. உங்ககிட்ட பயிற்சிக்குப் போறேன்னு சொன்னது அப்பதான். தொடையிலேர்ந்து தோல் எடுத்து வச்சிருக்காங்க. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கும். மத்த மூணும் பாதியில நின்னுடும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். திரும்பி வந்து கரண்டியைப் பிடிச்சு, அது நழுவி விழுந்தப்பதான் அழுதேன்.

மாளவிகா மேடம் கெட்டவங்க இல்லை. அவங்களுக்குப் பயம். ஜனவரிப் பயணத்துல சமையலை நான் ஒரு விபத்தும் இல்லாம நடத்திக் காட்டினா விட்டுடுறேன்னாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டி. அண்ணே, எனக்கு இந்த வேலை வேணும். காலையில பனி விலகும்போது பத்துப் பேரும் என் பின்னால நடந்து வர்ற சத்தம் இருக்கே, அது இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அடுத்த பஸ்லயே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.

கவி


பட்டுக்கோட்டை
6 நவம்பர் 2024

அன்புத் தங்கை கவிக்கு,

இங்கே மழை. அனைவரும் நலம்.

பார்சல் அனுப்பியிருக்கேன். அகலமான பத்து லிட்டர் சட்டி ஒண்ணு. அதுக்குள்ள மூணு லிட்டர் சட்டி மூணு. மூடி நாலு, பூட்டு வச்சது. சட்டி சாயாம நிக்க இரும்பு முக்காலி ஒண்ணு நானே வெல்டிங் வச்சேன். தகரத் தடுப்பு, மடக்கினா பையில போயிடும். பெரிய சட்டியில உன் பேரு வெட்டியிருக்கேன். நம்ம கடையிலேர்ந்து பேரில்லாம ஒரு ஸ்பூனும் வெளியே போனதில்லை.

கையைப் பாத்துக்க.

அண்ணன்
தமிழரசன்


கூட்டாறு முகாம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பார்சல் வந்துச்சு. பிரிச்சதும் நானும் கனிமொழியும் சின்னப் பிள்ளைங்க மாதிரி அடுக்கி அடுக்கிப் பாத்தோம். முக்காலி பாறை மேல அசையாம நிக்குது.

பெரிய சட்டியில தண்ணி ஊத்தி அடுப்புல வச்சேன். அடுப்பு அணைஞ்சு போச்சு. ரெண்டாவது தடவையும் அணைஞ்சுது. தூக்கிப் பாத்தா, அடிப்பக்கம் என் பேரு இருக்கிற இடத்துலேர்ந்து தண்ணி ஒழுகுது. கடைசி எழுத்துல உளி அந்தப் பக்கமே வந்திருக்கு.

அண்டாவுக்கு அடிக்கிற அடியை இந்தத் தகட்டுல அடிச்சுட்டீங்கன்னு முதல்ல சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. ஒவ்வொரு பாத்திரத்தையும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாக்காம நீங்க யாருக்கும் கொடுக்க மாட்டீங்க. நான் அந்தக் கடையிலதான் வளர்ந்தேன். போன கடிதாசியில என் கையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. பாலத்துல முப்பது தடவை ஏறினதை ஒரு பக்கம் எழுதின ஆளு.

அண்ணே, ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே அனுப்புனீங்களா?

கவி


பட்டுக்கோட்டை
5 டிசம்பர் 2024

கவி,

தெரியும்.

பேரு வெட்டினது வேணும்னு செஞ்சதில்லை. அது என் கைப்பழக்கம். விளிம்புகிட்ட வெட்டினா கல்யாண வீட்டுல ராவி எடுத்துடுவாங்கன்னு அடிப்பக்கம்தான் வெட்டுவேன். கடைசி அடியில உளி இறங்கிடுச்சு. பல்புக்கு நேரா பிடிச்சேன், பொட்டு வெளிச்சம் தெரிஞ்சுது. மாத்தி வாங்க நாள் இருந்துச்சு. மாத்தலை. அப்படியே பொட்டலம் கட்டினேன்.

உன் கடிதாசியைப் படிச்சதிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்தச் சட்டி ஒழுகினா பயணம் நிக்கும், நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு நினைச்சேன். கொதிக்கிற உலைக்கு முன்னால நீ மறுபடி நிக்கிறதை என்னால நினைச்சுப் பாக்க முடியலை. ஒழுகுற சட்டியால உனக்கு இன்னொரு விபத்து வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு உன் கேள்வியைப் படிச்ச அப்புறம்தான் தோணுச்சு. நான் செஞ்சது துரோகம். வேற பேரு இல்லை.

புதுச் சட்டி அனுப்பியிருக்கேன். பேரு வெட்டலை. தண்ணி நிரப்பி ராத்திரி முழுக்க வச்சுப் பாத்துட்டேன்.

நீ திட்டி எழுதினாலும் எழுது. எழுதாம இருந்துடாதே.

அண்ணன்


கூட்டாறு முகாம்
23 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ரெண்டு மாசம் எழுதலை. எழுதினா என்ன எழுதுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு.

புதுச் சட்டி வந்துச்சு. பிரிக்கலை. வீம்புதான், ஒத்துக்கிறேன். அடுத்த ஜீப்புல திரும்பி வருது.

பெரிய சட்டி இல்லாம என்ன செய்யிறதுன்னு ரெண்டு நாள் முழிச்சோம். அப்புறம்தான் உறைச்சுது. மூணு சின்னச் சட்டி இருக்கு. மூணு அடுப்பு இருக்கு. பன்னிரண்டு பேருக்கு ஒரே உலைதான் வைக்கணும்னு யாரு சொன்னா? நீங்களும் நானும் கல்யாண அண்டாவைப் பாத்தே வளர்ந்ததால நமக்கு வேற மாதிரி தோணவே இல்லை. நாலு நாலு பேரா பிரிச்சேன். ஒவ்வொரு நாலு பேருக்கும் ஒரு அடுப்பு, ஒரு சட்டி. மூணு லிட்டர் சட்டியை என் இடது கை தாராளமா தூக்குது. மத்த ரெண்டு அடுப்புலயும் வந்தவங்களே சமைச்சாங்க, நான் சுத்தி வந்து பாத்துக்கிட்டேன். திருச்சியிலேர்ந்து வந்த ஒரு வாத்தியார் தன் வாழ்க்கையில முதல் தடவையா ரசம் வச்சாராம். குடிச்சுப் பாத்தா நமக்கே தெரியும். கடைசி நாள் மாளவிகா மேடம் அடிவாரத்துல நின்னாங்க. எல்லார் கையையும் பாத்தாங்க, என் கையையும் பாத்தாங்க. மார்ச் பயணத்துக்கு என் பேரைப் போட்டாச்சு.

உங்க ஓட்டையாலதான் இந்த வழி கிடைச்சுதுன்னு நீங்க மனசைத் தேத்திக்கக் கூடாது. நீங்க செஞ்சது எனக்கு இன்னும் வலிக்குது. கையை விட அதிகமா. நானும் உங்ககிட்ட அஞ்சு மாசத்துக்கு மேல பொய் சொல்லியிருக்கேன், அதனால முழுசா கோபப்படவும் முடியலை.

ஒண்ணு செய்யுங்க. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. என் கையைப் பத்தி, உங்க சட்டியைப் பத்தி, ரெண்டையும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சொல்லக் கூடாது. அவங்க என்னைக் கூட்டிட்டுப் போக வந்தா வரட்டும். நான் இங்கேதான் இருப்பேன்.

கவி


பட்டுக்கோட்டை
4 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை கவிக்கு,

ஈஸ்வரி சுகம். அறுவடை முடிஞ்சுது. அம்மா எப்படி இருக்காங்கன்னு கடைசியில எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை சொன்னேன். வயல்லேர்ந்து வந்து கால் கழுவிட்டு உக்காந்தாங்க. உன் கையைச் சொன்னேன். துடைச்ச காலையே மறுபடி துடைச்சாங்க. சட்டியைச் சொன்னேன். எந்திரிச்சு வந்து என் கன்னத்துல ஒண்ணு வச்சாங்க. எனக்கு நாப்பத்து மூணு வயசு, ஈஸ்வரி பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் நகரலை.

அப்புறம் மூணு நாள் என்கூடப் பேச்சு இல்லை. பஸ்ஸுக்குக் கிளம்புவாங்கன்னு ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். பையை எடுக்கலை.

நேத்து மத்தியானம் கடைக்கு வந்தாங்க. கடைக்கே வராதவங்க. அந்த மூணு லிட்டர் சட்டி எந்த அளவுல இருக்கும்னு கேட்டாங்க. அதே அளவுல ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. உள்ளே கையை விட்டு அளந்தாங்க. இதுல நாலு பேரான்னாங்க. ஆமான்னேன். காடெல்லாம் நடந்து வந்த நாலு பேரான்னாங்க. ஆமாம்மான்னேன்.

சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாங்க. "அவ எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியில உக்காருற ஆளுடா. அவளுக்கு மிஞ்சுச்சான்னு கேட்டியா?"

கேக்கலை. பத்து லிட்டரு, எடை, காத்து, முக்காலி எல்லாம் கேட்டேன், அதைக் கேக்கலை. அம்மா அந்தச் சட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், நாலு பேருக்குச் சோறு ஆக்கி, நாங்க மூணு பேரும் சாப்பிட்டப்புறம் உள்ளே எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இன்னைக்குக் காலையிலயும் தபால் பெட்டிக்குப் போறியான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.

மிஞ்சுச்சா, கவி? அம்மாவுக்கு நீயே எழுது.

அண்ணன்
தமிழரசன்